ஆபத்து இல்லை என்று தீர்மானிக்கப்பட்டது

மினியத் நூர் துணியாலையின் சாயக்கூடத்து ஆட்கள் துப்பும் எச்சிலைப் பார்த்தே அன்றைக்கு என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பச்சைப் படுக்கை விரிப்பு ஓடினால் பச்சை, மஞ்சள் துண்டு ஓடினால் மஞ்சள். வேர்வையும் அப்படித்தான், மற்றதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை தொழுகையில் அவர்கள் நெற்றி பட்ட இடமெல்லாம் பள்ளிவாசல் கம்பளத்தில் வட்ட வட்டமாகக் கறை விழுகிறது என்று இமாம் புலம்பி, கடைசி வரிசையில் அவர்களுக்கென்று ஒரு பழைய பாயை விரித்துவிட்டார். இறைவன் எல்லாரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறான். ஆனால் கம்பளம் வாங்கியது இமாம்.

ஷஹாத்தா அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சாயம் கலக்குகிறவர். பீப்பாயைத் திறந்து பொடியை அள்ளித் தொட்டியில் கொட்டித் துடுப்பால் கிண்டுவது அவர் வேலை. கொட்டும்போது எழும் புழுதியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. கையுறையும் முகமூடியும் ஒரே ஒரு தடவை வந்தன, அமைச்சர் வந்த அன்றைக்கு. அமைச்சரின் கார் வாசலைத் தாண்டியதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். அடுத்த அமைச்சருக்கு வேண்டுமல்லவா?

அதற்காக ஆலை தொழிலாளியைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சாயக்கூடத்தில் ஆளுக்கு ஒரு டப்பா பால் தினமும் காலையில் வந்துவிடும். விஷத்தோடு புழங்குகிறவன் பால் குடித்தால் பால் அந்த விஷத்தைக் கட்டிப் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்பது எங்கள் பாட்டன்மார் நம்பிக்கை. நம்பிக்கைக்கு வயதாகி அது சட்டமாகிவிட்டது. கூடத்துச் சுவரில் ஒரு பசு மண்டையோட்டை முட்டித் தள்ளுகிற படம்கூட வரைந்திருந்தார்கள். பாலை மட்டும் அங்கே யாரும் குடிப்பதில்லை. டப்பா அப்படியே பைக்குள் போய், பையிலிருந்து வீட்டுக்குப் போய், பிள்ளைகள் வயிற்றுக்குள் போகும். ஷஹாத்தாவின் மகள் சாப்ரீன் அந்தப் பாலில்தான் பல் முளைத்து, எழுத்துப் படித்து, இப்போது மேல்வகுப்புக்கும் வந்துவிட்டாள். பால் எங்கே போகிறது என்பது காவல்காரனிலிருந்து மேலாளர் வரை எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிவப்பு ஆர்டர். கடலோர ஓட்டல்களுக்கு ரத்தச் சிவப்பில் துண்டுகள். பீப்பாயின் மேல் 'சிவப்பு நாலு' என்பதைத் தவிர ஒரு எழுத்து கிடையாது. கூடமே சிவந்து கிடந்தது. கழிப்பறையில் வரிசையாக நின்ற எல்லாருக்கும் சிவப்பாகத்தான் போயிற்று. அதைப் பார்த்து யாரும் கவலைப்படவில்லை, ஆர்டர் அப்படி. பிறகு கப்பல் வந்து துண்டுகளை ஏற்றிக்கொண்டு போக, நீல ஆர்டர் தொடங்கியது. சில நாளில் எல்லாரும் நீலத்துக்கு மாறிவிட்டார்கள். ஷஹாத்தா மட்டும் மாறவில்லை.

பக்கத்தில் நின்ற அப்துல் மவ்கூத் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவன் ஷஹாத்தாவின் கூட்டாளி, தொட்டியின் மறுபக்கத்துத் துடுப்புக்காரன். அவரை 'உஸ்தா', அதாவது தொழிலாசான், என்றுதான் கூப்பிடுவான். வாயில் எப்போதும் ஒரு சிகரெட்டும் ஒரு கிண்டலும் இருக்கும்.

"உஸ்தா, சிவப்பு ஆர்டர் கப்பலேறிப் போயாச்சு. உங்க கீழ்த்தட்டுக்கு யாரும் தகவல் சொல்லலையா?"

"நானும் சொல்லித்தான் பாக்குறேன். காதுல வாங்க மாட்டேங்குது."

"ஓவர்டைம் பாக்குது போல. மேனேஜர்கிட்ட சொல்லி ஒரு பதக்கம் வாங்கிக் குடுங்க."

கழிப்பறையே சிரித்தது. ஷஹாத்தாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி இன்ஷிராஹிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து இப்பிடி?"

"அதான் தெரியல. சிவப்பு ஆர்டர்ல ஆரம்பிச்சிருந்தா எப்பிடிக் கண்டுபிடிக்கறது? எல்லாருக்கும்தான் அந்த நேரத்துல சிவப்பு."

நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு மனுஷனுக்குத் தன் ரத்தம் எது, முதலாளியின் சாயம் எது என்று தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது.

ஆலை மருத்துவர் லுத்ஃபி அனுபவசாலி. பெரிய மனிதர்களைப் 'பே' என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம், அதனால் அவர் 'டாக்டர் பே'. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் நோய் எங்கிருந்து வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆலையிலிருந்து வரவில்லை. மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"சின்ன வயசுல வாய்க்கால்ல குளிச்சியா?" என்று கேட்டார். வாய்க்கால் நத்தையிலிருந்து ஒரு புழு உடம்புக்குள் ஏறி மூத்திரப்பையைத் தின்னும். பில்ஹார்சியா. நைல் கரையில் பாதிப் பேரின் அப்பனைத் தின்றது அதுதான். அதனால் மீதிப் பாதியையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவது மருத்துவருக்கு வசதி.

"டாக்டர் பே, எங்க வீடு ஆலைக்குப் பின்னாடி. அங்க ஓடறது ஆலையோட கழிவு வாய்க்கால். அதுல தவளைகூட இறங்காது."

"நத்தை?"

"நத்தையை நான் அந்தப் பக்கம் பாத்ததே இல்லீங்க."

"அப்ப இருந்திருக்கு. உன் கண்ணுல படல. பட்டாளத்துல எங்க இருந்தே?"

"சினாய்லங்க. மணல்ல."

"மணலுக்கு அடியில தண்ணி இருக்கும்ப்பா. சிகரெட்?"

"தொடறதில்லை."

"பக்கத்துல யாராவது பிடிப்பாங்களா?"

"அப்துல் மவ்கூத் பிடிப்பான்."

லுத்ஃபி பேனாவை மூடியால் அடைத்தார். "பாத்தியா? கேட்டா வந்துடும். நத்தையும் உன் கூட்டாளியும் சேந்து பண்ணின வேலை. அவன்கிட்டேர்ந்து தள்ளி நில்லு."

"தொட்டி ஒண்ணுதானே இருக்கு, டாக்டர் பே? எப்பிடித் தள்ளி நிக்கறது?"

"அது பாதுகாப்புத் துறை பாக்க வேண்டியது. நான் வைத்தியம்தான் பாக்குறேன்" என்று ஒரு வலிமாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்ஷிராஹ் அந்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, அவரைப் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நெர்மின் என்று ஒரு இளவயது மருத்துவர். குழாய் விட்டுப் பார்த்தாள், படம் எடுத்தாள், பிறகு கதவைச் சாத்திவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள். மூத்திரப்பையில் கட்டி. கெட்ட கட்டி.

"இன்னும் தசைக்குள்ள இறங்கலைன்னு நினைக்கிறேன். இறங்கறதுக்குள்ள எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னார். அவள் அவருடைய விரல் நகங்களைப் பார்த்தாள், அவை நீலமாக இருந்தன.

"அங்கிள், சில சாயத்துல இருக்கற ஒரு சரக்கு இந்தக் கட்டியைக் கொண்டுவரும். இது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். சட்டத்துல தொழில்நோய்ப் பட்டியல்லயே இருக்கு. உங்க ஆலைப் பாதுகாப்புக் குழு 'இது வேலையால வந்தது'ன்னு ஒப்புக்கிட்டா, காப்பீட்டுக் கணக்குல உடனே உங்களை ஆபரேஷன் மேசைல படுக்க வெச்சுடலாம். இல்லேன்னா பொது வரிசை. அது அடுத்த குளிர்காலம் வரைக்கும் நீண்டு கிடக்கு."

"அதுவரைக்கும் கட்டி காத்திருக்குமாம்மா?" என்று இன்ஷிராஹ் கேட்டாள்.

"கட்டி வரிசைல நிக்காது, அத்தை."

ஆகவே ஷஹாத்தாவின் உயிர் இப்போது பாதுகாப்புத் துறைத் தலைவர் பொறியாளர் ஹிஷ்மத் பேயின் கையில் இருந்தது. அந்தக் கை சுத்தமான கை. சாயக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு கட்டடம் கட்ட முடியுமோ அவ்வளவு தூரத்தில் அவருடைய அலுவலகம் இருந்தது. ஜன்னல்களில் இடுக்குக்கூட விடாமல் பசைநாடா ஒட்டியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கேடயங்கள். 'தொழில்நோய் பூஜ்யம்' என்று ஆலை வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிற பலகையை வைத்தவர் அவர்தான்.

"உக்காரு, ஷஹாத்தா. இல்ல, அதுல வேண்டாம், துணி போட்ட நாற்காலி. நின்னுக்கோ" என்றார். "இந்தக் கேடயமெல்லாம் எப்பிடி வந்துது தெரியுமா? நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒரு தொழில்நோய்கூட இந்த ஆலைல கிடையாது. எப்பிடி? கட்டுப்பாடு. எத்தனையோ பேர் வந்தாங்க. நுரையீரல்னு வந்தாங்க, ஈரல்னு வந்தாங்க. ஒருத்தருக்கும் நான் ஒப்புக்கலை. எனக்கு முன்னாடி இருந்தவர் இளகின மனசுக்காரர், ஒப்புக்கிட்டாரு. அவர் காலத்துல எத்தனை பேருக்கு நோய் வந்துது பாரு! ஒப்புக்கறதாலதான்ப்பா நோய் பரவுது."

"பே, நீங்க ஒரு தடவை கூடத்துக்கு வந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே..."

"நானா? உள்ளயா? எனக்கென்ன பைத்தியமா? பிள்ளை குட்டிக்காரன்ப்பா நான்!"

சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, விஞ்ஞான முறைப்படி காற்றை அளந்துவிடலாம் என்று பெரிய மனது பண்ணி அறிவித்தார். நாள்: வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை லீவாச்சே, பே? தொட்டியெல்லாம் மூடி இருக்கும்."

"அதனாலதான். வேலை நாள்ல காத்துல தூசி ஜாஸ்தி, அளவு தப்பாக் காட்டும்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஷஹாத்தாவை ஜன்னல் திறக்கக் கூப்பிட்டார்கள். அளவுக் கருவி ஒரு கம்பளிப் போர்வைக்குள் பச்சைக் குழந்தையைப் போல வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் செய்தது, பொடி பட்டால் கெட்டுப்போகும். அமைச்சருக்காகப் பூட்டி வைத்திருந்த கையுறைகளும் முகமூடிகளும் அன்றைக்கு வெளியே வந்தன. கருவியைத் தூக்கிவந்த இரண்டு குமாஸ்தாக்களும் அவற்றை மாட்டியிருந்தார்கள். கருவிக்கும் ஒரு முகமூடி கட்டியிருந்தார்கள். ஷஹாத்தா அந்த முகமூடியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடி ஹிஷ்மத் பே கத்தினார்.

"சீக்கிரம் அளந்துட்டு வெளிய கொண்டாங்கடா, ரொம்ப நேரம் உள்ள வெச்சா அதுக்கு ஆகாது! ஷஹாத்தா, மூச்சை இழுத்துப் பாரு. காத்து எப்பிடி இருக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கூடத்து ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். நைல் பக்கத்திலிருந்து சிலுசிலுவென்று வீசியது.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார். உள்ளது உள்ளபடி பேசிப் பழகிய வாய்.

காற்று சுத்தம் என்று கருவி சொன்னதாகவும், சம்பந்தப்பட்ட தொழிலாளியே அதை நேரில் சாட்சி சொல்லி ஒப்புக்கொண்டதாகவும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பாதுகாப்புக் குழு கூடியது. ஏழு பேர். நடுவில் ஹிஷ்மத் பே, வலப்பக்கம் டாக்டர் லுத்ஃபி, மற்றவர்கள் கணக்கு, கொள்முதல், சட்டம் என்று பல துறைத் தலைவர்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூடச் சாயக்கூடத்தின் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. அதனால்தான் அவர்களால் நடுநிலையாக இருக்க முடிந்தது.

சட்டத் துறைக்காரர் தொண்டையைச் செருமினார். "விஷயம் ரொம்பச் சுலபம். விஷத்துக்குப் பால் முறிவுன்னு சட்டம் சொல்லுது. சட்டப்படி ஆலை பால் குடுக்குது. பால் குடிச்சவனுக்கு நோய் வராது. இவனுக்கு வந்திருக்கு. ஷஹாத்தா, நீ பாலைக் குடிச்சியா?"

ஷஹாத்தா முழித்தார். குடித்தேன் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் எதில் போய் முடியுமோ. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் எப்போதோ மேஸ்திரி ஆகியிருப்பார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேங்க. பொண்ணுக்கு. எல்லாரும் அப்பிடித்தாங்க."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாகத் தெரிந்த ஒன்றை முதல் தடவையாகக் கேட்டு அதிர்ந்துபோகப் பெரிய இடத்து முகம் வேண்டும். ஏழு பேருக்கும் அது இருந்தது.

"அல்லாஹ்வே!" என்றார் ஹிஷ்மத் பே. "உன் மூத்திரப்பைக்குக் குடுத்த மருந்தைத் திருடிக் குழந்தைக்குக் குடுத்திருக்கே! உயிர்காப்புச் சாதனத்தை வெளிய கடத்தியிருக்கே! ஆலை உன்னைக் காப்பாத்தப் பாத்துது, நீதான் விடல."

மனு தள்ளுபடி. அதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து சாயக்கூடத்தில் பாலை அங்கேயே நின்று குடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. குடித்ததைப் பார்க்க ஒரு சாட்சிக் குமாஸ்தாவைப் போட்டார்கள். வரிசையில் ஒவ்வொருவனும் குடித்துவிட்டு 'ஆ' என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். புழுதி வாய்க்குள் போகும், பரவாயில்லை, பால் உள்ளே இருக்கிறது. சாட்சிக் குமாஸ்தா முகமூடி போட்டிருந்தான்.

கூடமே ஷஹாத்தாவின் மேல் பாய்ந்தது. இருக்காதா? பிள்ளை வாயில் போனது போயிற்று. மத்தியானம் அவர் பக்கத்தில் சாப்பிட ஒருவனும் உட்காரவில்லை. மொச்சையும் ரொட்டியும் தனியாகத் தின்றார். எதிர்த் துடுப்பில் அப்துல் மவ்கூத் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினான்.

"உங்களை யாரு உஸ்தா உண்மையைப் பேசச் சொன்னது? உங்க ஒரு மூத்திரப்பைக்காக எங்க நாப்பது வீட்டுப் பிள்ளைங்க வாயில மண்ணா? 'குடிச்சேன்'னு ஒரு வார்த்தை! என் பெண்டாட்டி நேத்து டப்பாவைக் கேட்டப்ப நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறது?"

"கேட்டாங்க, சொல்லிட்டேன். எனக்கு என்ன தெரியும், பாலுக்கு விசாரணை வரும்னு?"

"தெரியாதுன்னா வாயை மூடிட்டுச் சாகணும்!"

சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவே தொட்டியில் விழுந்து கிடந்தது. அதன் பிறகு பல நாள் அவன் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கழிப்பறையில், மற்றவர்கள் போகும் வரைக்கும் காத்திருந்து, ஷஹாத்தாவின் பக்கத்தில் வந்து நின்றான். வாயில் சிகரெட் இல்லை.

"உஸ்தா. இப்ப ஓடறது நீலம்தானே?"

"நீலம்தான்."

"எனக்குச் சிவப்பாப் போகுது."

 ஷஹாத்தா அவன் தோளில் கையை வைத்தார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அந்தக் குழுகிட்ட மறுபடி போங்க. உங்களுக்கு ஒப்புக்கிட்டாங்கன்னா எனக்கும் ஒப்புக்குவாங்கல்ல? நான் போனா சிகரெட்டுன்னு சொல்லித் துரத்திடுவாங்க. நீங்கதான் சுத்தமான ஆளு."

முன்பு ஒரு உயிருக்காகப் போனவர் இப்போது இரண்டு உயிருக்காகப் போக வேண்டியதாயிற்று. நெர்மினிடம் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கினார். அதில் அந்தச் சரக்கின் பெயர், அது என்ன செய்யும், சட்டப் பட்டியலில் எங்கே இருக்கிறது எல்லாம் எழுதி, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று முடித்திருந்தாள்.

இரண்டாவது விசாரணை நல்ல வெயில் நாளில் வந்தது. கிளம்பும்போது இன்ஷிராஹ், உலர்ந்த கர்கதேப் பூவை இடித்துப் பொடியாக்கி ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வீடு குடிக்கிற அந்தச் செம்பருத்திதான்.

"அவங்க பேசப் பேச உங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். குளுந்த தண்ணி கேட்டு வாங்கி இதைக் கலக்கிக் குடிங்க. கொதிப்பு இறங்கும்."

"எனக்கு எங்க கோபம் வருது?"

"வரணும். அதுக்கும் சேத்துத்தான் இடிச்சிருக்கேன், கொஞ்சம் காரமா."

அறையில் ஏழு பேரும் இருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஷஹாத்தா மேசை முன்னால் நின்றார். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் கொள்முதல் துறைத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தச் சரக்கு? இதுவா? இது தடை பண்ணின சரக்கு ஆச்சே! நாடு பூரா தடை. தடை பண்ணின ஒண்ணு நம்ம ஆலைக்குள்ள எப்பிடி வரும்? சுங்கத்துறையைக் குத்தம் சொல்றியா? அரசாங்கத்தையா?"

"அப்ப பீப்பாய்ல இருக்கறது என்னங்க?"

"சிவப்பு."

"சிவப்புன்னா என்ன சரக்கு?"

"சிவப்புன்னா சிவப்புதான்ப்பா. பேரைப் படிச்சா உங்களுக்குப் பயம் வரும்னுதான் பீப்பாய்ல பேரையே அழிச்சு வாங்கறோம். உங்க மனநலத்துக்காக அதுக்குத் தனியாச் செலவு பண்றோம், தெரியுமா?"

"அந்தச் சிவப்பு குழந்தைப் பவுடர் மாதிரி" என்று டாக்டர் லுத்ஃபி சேர்த்துக்கொண்டார். "ஒண்ணும் செய்யாது."

ஹிஷ்மத் பே மேசையைத் தட்டினார். "ஒரு கைப்பிடி சிவப்பு நாலால யாருக்கும் ஒரு கெடுதலும் வராதுன்னு இந்தக் குழு தீர்மானிக்குது. எழுதிக்கோங்க. ஷஹாத்தா, அந்தக் கடுதாசியைக் குடு, கோப்புல சேத்து மூடிடலாம்."

ஷஹாத்தா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உருவினார். கூடவே பொட்டலமும் வந்தது. மேசை நடுவில் விழுந்து பிரிந்தது. மேலே விசிறி.

ஒரு நொடியில் அறை முழுக்கச் சிவப்புப் புழுதி. ஹிஷ்மத் பேயின் வழுக்கையில், லுத்ஃபியின் கண்ணாடியில், கொள்முதல்காரரின் திறந்த வாயில், எல்லா இடத்திலும் சிவப்பு.

"சிவப்பு நாலு!" என்று யாரோ அலறினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவர் ஷஹாத்தா ஒருவர்தான். ஏழு பேர் ஒரே கதவுக்குப் பாய்ந்தார்கள். கதவு உள்பக்கம் திறப்பது, ஏழு பேரும் அதை வெளிப்பக்கமாகத் தள்ளினார்கள். "மூச்சு விடாதீங்க!" என்று மருத்துவர் மூச்சு விட்டுக் கத்தினார். "புத்துநோய்டா, புத்துநோய்!" என்று சட்டக்காரர் மேசைக்கு அடியில் போனார். பாதுகாப்புத் துறைத் தலைவர் ஜன்னல் பசைநாடாவை நகத்தால் கிழித்துப் பார்த்தார், முடியாமல் போகவே கேடயம் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை உடைத்து வெளியே குதித்தார். நல்லவேளை, தரைத்தளம்.

"பே, அது கர்கதேங்க! பூப்பொடி! குடிக்கறதுங்க!" என்று ஷஹாத்தா பின்னாலேயே கூப்பிட்டுப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார், பார்க்கவும் ஆள் இல்லை. கடைசியில் ஒரு நாற்காலியைத் துடைத்து, துணி போட்டதாகவே பார்த்து, உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை. கடிதம் மேசைமேல் சிவந்து கிடந்தது.

அன்று சாயங்காலமே ஆலையில் தொழில்நோய் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒன்றல்ல, ஏழு. டாக்டர் லுத்ஃபி முதலில் தனக்கு எழுதிக்கொண்டு, பிறகு மற்ற ஆறு பேருக்கும் எழுதினார். கடும் நச்சுப்பொருள், நேரடித் தாக்கு, உடனடி உயர் சிகிச்சை. பொடியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சோதிப்பதென்றால் ஒருவர் பக்கத்தில் போக வேண்டுமே. வாசல் பலகையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள்: 'தொழிலாளர்களிடையே தொழில்நோய் பூஜ்யம்.' ஷஹாத்தாவின் மனு, ஆபத்தில்லாத பொருள் என்ற காரணத்தால் தள்ளுபடி. ஆபத்தான பொருளை அதிகாரிகள் மேல் வீசிய காரணத்தால் வேலையும் போயிற்று. இரண்டு உத்தரவும் ஒரே உறையில் வந்தன.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் பொது வரிசை சுவரோரமாக வளைந்து மாடிப்படி வரை போயிருந்தது. ஷஹாத்தா தரையில் உட்கார்ந்திருந்தார், வலி அதிகமாகிவிட்டது, நிற்க முடியவில்லை. பக்கத்தில் அப்துல் மவ்கூத். நெர்மின் காலையில் வந்து அவரைப் பார்த்துவிட்டு, "முயற்சி பண்றேன் அங்கிள், மேசை காலியாகணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பகலுக்கு மேல் ஆலை வண்டி வந்து நின்றது. தள்ளுவண்டிகளில் ஏழு பேர், போர்த்திப் படுத்தபடி. அவர்களோடு ஆஸ்பத்திரியின் மூத்த நிபுணரே நடந்து வந்தார்.

முதல் தள்ளுவண்டி ஷஹாத்தாவின் நீட்டிய காலில் இடித்து நின்றது. ஹிஷ்மத் பே போர்வையிலிருந்து தலையை நீட்டினார். கண்ணில் நீர்.

"டாக்டர், என் தொண்டை எரியுது. உள்ள போயிடுச்சு, எனக்குத் தெரியுது."

"எவ்வளவு நேரம் அந்தப் பொடில இருந்தீங்க, பே?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"நாலு நிமிஷமா! யா ரப்!" நிபுணர் பதறிப்போய் நெற்றியில் கையை வைத்தார். அதற்குள் அப்துல் மவ்கூத் எழுந்து அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் பே, இவரையும் பாருங்க, இவரும் அதே பொடிதான். ரொம்ப முத்திடுச்சு. மேசையை இவருக்குக் குடுங்க."

நிபுணர் குனிந்து ஷஹாத்தாவைப் பார்த்தார். கெட்ட மனுஷர் அல்ல, கனிவாகத்தான் கேட்டார்.

"நீ எவ்வளவு நேரம்ப்பா இருந்தே?"

"இருபத்திரண்டு வருஷங்க."

"அப்ப உனக்குப் பழகியிருக்கும்" என்று நிபுணர் அவர் தோளைத் தட்டினார். "பாவம், இவங்களுக்குப் புதுசு. காலைக் கொஞ்சம் எடுத்துக்கோ, வண்டி போகட்டும்."

ஷஹாத்தா காலை மடக்கிக்கொண்டார். ஏழு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின.